ப்ரூஃப் சார் வளர்த்த பெரணி

அவர் தலையில் நான் கஞ்சியைக் கொட்டியதில்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. மாட்டுங்காவின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் பின்பக்கத்து அறை எங்களுடையது. சமையல் ஜன்னலுக்குக் கீழே, எங்கள் கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில், இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு சந்து. ஹவுஸ் கல்லி என்பார்கள். எல்லா வீட்டுக் குழாயும் அதில்தான் இறங்கும். எல்லா வீட்டுக் குப்பையும் அதில்தான் விழும். அந்த வழக்கத்தைப் படித்துக்கொள்ள எனக்குப் பத்து நாள் போதுமானதாக இருந்தது. ஆறிப்போன சோற்றுக் கஞ்சியை ஜன்னல் வழியாக அப்படியே சாய்த்துவிட்டேன். பிறகுதான் எட்டிப் பார்த்தேன்.

கீழே ஒரு மனிதர் குந்தியிருந்தார். நாற்பது வயது இருக்கும். வழுக்கைத் தலையிலிருந்து கஞ்சி காது வழியாக இறங்கிப் பூணூலில் சொட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"உப்புப் போட்டதா, போடாததா?" என்று கேட்டார்.

"போடலை சார். தெரியாம ஊத்திட்டேன், மன்னிச்சிக்கிடுங்க."

"நிச்சயமா உப்பு இல்லையே?"

"நிச்சயமா இல்லை சார்."

தனக்கு முன்னால் இருந்த ஒரு மண்தொட்டியைப் பார்த்தார். அதில் நாலைந்து பச்சை இலைகள், சீப்பு மாதிரி பல் பல்லாக. அவர் மேல்துண்டால் துடைத்தது அந்த இலைகளைத்தான். தலையை அல்ல.

"பார்க்கலாம்," என்றார்.

மூன்று நாள் பார்த்தார். காலையிலும் மாலையிலும் கல்லிக்குள் வந்து குந்தி, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார். நாலாம் நாள் மாடியேறி வந்து கதவைத் தட்டி, "உப்பு இல்லைதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இப்படி ஒரு மனிதரா என்று அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கட்டடத்தில் எல்லோரும் அவரை ப்ரூஃப் சார் என்றுதான் சொல்வார்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் ப்ரூஃப் திருத்துகிற வேலை. அதற்கு முன்னால் தெற்கே மலைக்காடுகளில் செடி சேகரிக்கிற உத்தியோகத்தில் இருந்தவராம். அச்சகத்து முதலாளி அவரைப் பற்றி ஊரெல்லாம் அலுத்துக்கொள்வார். ஆனால் விடமாட்டார். ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக இருந்த நேரத்தில், மாப்பிள்ளையின் அப்பா பெயர் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் இருப்பதைப் பார்த்துவிட்டார். எது சரி என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. "ஒரு எழுத்துதானே, ஏதாவது ஒண்ணைப் போடும்" என்றாராம் முதலாளி. இவர் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் சயானுக்கு நடந்து போய்ப் பெண் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டுமே தப்பாக இருந்ததாம்.

அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதற்கு இதெல்லாம் காரணம். என் வீட்டுக்காரருக்குத் தாராவியில் பலசரக்குக் கடை. எதைக் கேட்டாலும் கேட்டு முடிக்கும் முன்னே பதில் வந்துவிடும். பாதி பதில் தப்பாக இருக்கும். யோசித்துச் சொல்கிற ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தச் செடியின் கதையை அவரே ஒருநாள் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு பழக்காரன் கூடைகளைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தானாம். மலையிலிருந்து பேரிக்காய் வந்த கூடைகள். காய் நசுங்காமல் இருக்க அடியில் பாசியும் காட்டுத்தழையும் அடைத்து அனுப்புவார்கள். அந்தக் குப்பையில், பழுப்பு ரோமம் போர்த்திய விரல் தண்டி வேர்க்கட்டை ஒன்று கிடந்தது. அதன் நுனியில், நாய்க்குட்டி வால்போலச் சுருண்ட ஒரே ஒரு தளிர்.

"பெரணி," என்றார். "காட்டுக்குள்ள மரத்தடியில வளர்றது. பூக்காது, காய்க்காது. எந்த மலைன்னு கூடைக்காரனுக்கே தெரியலை."

"என்ன பெரணி சார்?"

"அதான் தெரியலை. மலையில இருந்தா இலையைத் தொட்டே ஓரளவு சொல்லிடுவேன். இந்த ஊர்ச் சூட்டுல இலை ஒழுங்கா வரலை. இலைக்கு அடியில பொட்டுப் பொட்டா வித்துக்கூடு வரணும். அதுமேல ஒரு சின்ன மூடி இருக்கும். மொச்சைக்கொட்டை மாதிரி இருந்தா ஒரு வகை. குடை மாதிரி வட்டமா இருந்தா இன்னொண்ணு. அது வராம எதுவும் சொல்ல முடியாது."

"எப்ப வரும்?"

"பார்க்கலாம்."

பம்பாய் மண்ணையே அவர் அதற்குப் போடவில்லை. பார்க்கிலிருந்து மக்கிய இலையை அள்ளி வந்து, செங்கல் பொடியும் கரித்துண்டும் கலந்து தொட்டியை நிரப்பியிருந்தார். வேர்க்கட்டையின் தலையை மண்ணுக்கு மேலே விட்டிருந்தார். அதைப் புதைத்தால் அழுகிவிடுமாம். சித்திரை வெயிலில் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவார். அப்படியும் இலை எல்லாம் கருகிச் சருகாகிவிடும். செத்துவிட்டது என்று நான் நினைப்பேன். வைகாசி கடைசியில் மிருகசீரிஷ மழை இறங்கியதும் ரோமத்துக்குள்ளிருந்து இரண்டு சுருட்டை எழும்பும். கெட்டி உயிர் அதற்கு.

எங்களுக்குக் கீழே தரைத்தளத்தில் அவர் வீடு. தொட்டி இருந்த இடம் அந்த வீட்டுச் சமையல் ஜன்னலுக்கு நேர் கீழே. அந்த ஜன்னலின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து, நடுப்பகலில் ஒரு கை நீண்டு, சொம்பால் தண்ணீர் ஊற்றும். இரண்டு கண்ணாடி வளையல் போட்ட கை. வெகுநாள் வரை அந்த வீட்டு மாமியை நான் பார்த்தது அவ்வளவுதான்.

காரணம், அவர் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வந்து திறப்பார். சாப்பிட்டுவிட்டு மறுபடி பூட்டுவார். சாவி பூணூலில் தொங்கும். உள்ளேயே கழிப்பறையும் குளிக்க இடமும் இருக்கிற வீடாகப் பார்த்து, மற்றவர்களைவிட அதிக வாடகைக்கு அவர் எடுத்திருந்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், தெற்கே இருந்தபோது, குழந்தை ஒன்று பிறந்து அன்றைக்கே போய்விட்டதாம். ஒரு மாதம் கழித்து மாமி யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்து போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பாதை பார்க்கிற ஆள் ஒருவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டான். கொஞ்ச நாள் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அதற்காகத்தான் அவர் மலை உத்தியோகத்தை விட்டார். அதற்காகத்தான் பம்பாய்க்கு வந்து, நடந்தே வந்துபோகிற தூரத்தில் வேலை தேடிக்கொண்டார். கட்டடத்துப் பெண்கள் அவரைப் பற்றிப் பேசும்போது குரல் தாழும். "வேற ஒருத்தரா இருந்தா எப்பவோ பொறந்தாத்துல கொண்டு விட்டிருப்பா" என்பார்கள். உண்மைதான். சாயங்காலம் கையில் பூப்பொட்டலம் இல்லாமல் அவர் வந்து நான் பார்த்ததில்லை. மாமிக்கு அவர் தலை பின்னிவிடுவதைக்கூட ஒருநாள் திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டது கிடையாது.

மாமியோடு பேச்சு ஜன்னல் வழியாகத்தான் தொடங்கியது. நான் மேலே, அவள் கீழே. சண்டைக்காலத்தில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்கக் கண்ணாடியில் ஒட்டின பழுப்புக் காகிதத்தை அவர்கள் வீட்டில் இன்னும் கிழிக்கவில்லை. அதனால் ஜன்னலைத் திறந்தால்தான் அவளுக்கு வெளிச்சம். கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்த்தால் மேலே ஒரு முழம் ஆகாசம் தெரியும் என்பாள்.

"இன்னிக்கு ரேஷன்ல என்னடி போட்டான்?"

"அதே செவப்புக் கோதுமைதான் மாமி. கல்லு பாதி."

"பொறுக்கற வேலையை எனக்கு அனுப்பு. எனக்கு என்ன, மீட்டிங்கா இருக்கு?"

கயிற்றில் கூடை கட்டி இறக்குவேன். பொறுக்கிய கோதுமை மேலே வரும்போது அதில் நாலு வடு மாங்காயும் இருக்கும். அவளிடம் எந்தக் கோணலையும் நான் பார்க்கவில்லை. என்னைவிடத் தெளிவாகப் பேசினாள். என்னைவிட அதிகம் சிரித்தாள். செடியைப் பற்றிக் கேட்டபோது, "பேர் தேடறது அவர். தண்ணி ஊத்தறது நான்," என்றாள்.

ஒருநாள் தைரியம் வந்து கேட்டேன். "மாமி, ஒங்களுக்கு இப்ப ஒண்ணும் இல்லையே. அப்புறம் எதுக்கு இந்தப் பூட்டு?"

கீழே சொம்பை வைக்கிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு எனக்குச் சாகணும்னு இருந்தது. அது வாஸ்தவம். இப்ப இல்லே. இதை ஏழு வருஷமா அவர்ட்ட சொல்றேன். இல்லைன்னும் சொல்ல மாட்டேங்கறார், ஆமான்னும் சொல்ல மாட்டேங்கறார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்ங்கறார். கெட்டவரா இருந்தா நான் கத்தியாவது இருப்பேன்."

அதற்குப் பிறகு அவருடைய 'பார்க்கலாம்' என் காதில் வேறு மாதிரி விழ ஆரம்பித்தது.

நான் வந்த மூன்றாவது மழைக்காலத்தில் அது நடந்தது. ஆவணி மாதம். மேலே தண்ணீர்த் தொட்டி பொங்கி வழிந்து, கல்லிச் சுவரெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது. பெரணி அந்த வருஷம் அதுவரை இல்லாதபடி முழங்கை நீளத்துக்கு இலை விட்டிருந்தது. காலையில் ஜன்னலுக்கு அடியிலிருந்து, "அம்மா, கொஞ்சம் கீழே வரேளா?" என்று கூப்பிட்டார். என்னவோ ஏதோவென்று ஓடினேன். இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் இரண்டு வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள்.

"அம்மை போட்ட மாதிரி இருக்கு சார். மருந்தடிக்கணுமோ?"

அவர் சிரித்தார். "வந்துடுத்து," என்றார். "ஆறு வருஷம்."

பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். எனக்கு எல்லாம் மொச்சைக்கொட்டையாகத்தான் தெரிந்தது. ஒரு பக்கம் பள்ளம் விழுந்த குட்டி மொச்சைக்கொட்டை. அதைச் சொன்னேன். அவர் வாங்கி மறுபடி பார்த்தார். சில மூடிகள் உதிர்ந்துவிட்டன, சில சுருங்கியிருக்கின்றன, வட்டமாக இருந்தது சுருங்கினாலும் இப்படித் தெரியலாம் என்றார். பூனாவில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்களாம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியுமாம்.

பூனா போய்வர ஒரு பகல் வேண்டும். ஏழு வருஷத்தில் அவர் மாட்டுங்காவைத் தாண்டிப் போனது அந்தச் சயான் கல்யாண வீட்டுக்கு மட்டும்தான். ஒரு வாரம் யோசித்தார். பிறகு மாடியேறி வந்து என் வீட்டுக்காரர் முன்னிலையிலேயே கேட்டார். "ஒரே ஒரு நாள். காலம்பற முதல் வண்டியில போயிட்டுச் சாயங்காலம் வந்துடுவேன். உங்காத்து அம்மா எங்காத்துல கூட இருந்தா…"

கிளம்புகிற அன்று சாவியைப் பூணூலிலிருந்து அவிழ்க்க அவருக்கு நேரம் ஆயிற்று. முடிச்சு இறுகிப்போயிருந்தது.

அவர் போன பிறகு நானும் மாமியும் காபி குடித்தோம். முதல் தடவையாக அவளை அருகில் பார்த்தேன். மழையில்லாத பகல். உள்ளே விளக்குப் போட்டுத்தான் உட்கார வேண்டியிருந்தது. பதினொரு மணிக்கு அவள் கேட்டாள். "என்னைக் கொஞ்சம் வெளியில கூட்டிண்டு போறியா?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கெஞ்சவில்லை. புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் என் வாயில் வந்தது வேறு. "எங்க போகணும் மாமி?"

"ஸ்டேஷன் பாலத்துக்கு."

வேறு எந்த இடமாக இருந்தாலும் நான் பயந்திருக்க மாட்டேன். படியேறும்போது அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். பாலத்தின் நடுவில் நின்றோம். கீழே ஒரு லோக்கல் வந்து நின்று கிளம்பியது. இன்னொன்று எதிர்ப்பக்கம் போனது. நான் பிடியை விடவில்லை. வளையல் அவள் தோலில் பதிந்துவிட்டது.

"வலிக்கறது, விடுடி," என்றாள். "சாகணும்னா அதுக்கு வாசக்கதவு எதுக்கு? சமையலறை பூரா என் கையிலதானே இருக்கு? அதை அவர் யோசிக்கவே இல்லை பாரு."

விட்டுவிட்டேன். அரை மணி நேரம் வண்டிகளைப் பார்த்தோம். எந்த வண்டி எங்கே போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இறங்கி வரும்போது தள்ளுவண்டிக்காரனிடம் சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தேன். எலுமிச்சையும் மிளகாய்ப் பொடியும் தேய்த்து, மூக்கில் தண்ணீர் வர, நடுத்தெருவில் நின்று தின்றாள். வழியில் ஒரு எருமையைத் தாண்டி, ஒரு கைவண்டியை ஒதுங்கி, சாதாரணமாக நடந்தாள். வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு எனக்குச் சாதம் போட்டாள்.

அவர் சாயங்காலம் ஆறரைக்கு வந்தார். கையில் ஒரு சீட்டு. பூனா ஆபீசில் இருந்தவர் இலையை வாங்கித் திருப்பிப் பார்த்த உடனேயே பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாராம். நம் மலைகளில் எங்கும் வளருகிற கெட்டிச் செடிதான், டிரையாப்டெரிஸ் வகை, மூடி மொச்சைக்கொட்டை வடிவம், சந்தேகமே இல்லை என்றாராம்.

"அப்ப தெரிஞ்சுபோச்சு!" என்றேன்.

அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். "ஒரு நிமிஷம்கூட அவர் பார்க்கலை. ஒரே ஒரு இலைதான். மூடி அடுத்த வருஷமும் இப்படியே வரதான்னு பார்க்கணும்."

அந்த மனிதரிடம் எனக்கு முதல் முதலாகப் பயம் வந்தது அப்போதுதான். பயத்திலேயே சொல்லிவிட்டேன். "சார், மாமியை நான் இன்னிக்கு வெளியில கூட்டிட்டுப் போனேன். ஸ்டேஷன் பாலம் வரைக்கும். ஒண்ணும் ஆகலை சார். நல்லா இருக்காங்க."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமி கையில் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"ஒரு நாள்தானே?" என்றார். "நீங்க கூட இருந்தேள். மழை இல்லை, வெயில் இல்லை. ஒரு நாளை வச்சு என்ன சொல்ல முடியும்?"

"ஏழு வருஷத்தை வச்சுச் சொல்லலாமில்லையா சார்?"

அவர் சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். பூணூலில் முடிந்துகொண்டார். மாமி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து அவர் மத்தியானம் பத்து நிமிஷம் முன்னதாகவே வர ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். "ஏட்டி, அடுத்த வீட்டுப் பூட்டுல எதுக்குக் கைய வைக்க? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாமதான பதில் சொல்லணும்?"

ஒரு மாதம் நான் அந்த ஜன்னலைத் திறக்கவில்லை. கீழே சொம்புச் சத்தம் கேட்கும். மூச்சுக் காட்டாமல் இருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடைசியில் ஒருநாள் மனசு கேட்காமல் கோதுமைக் கூடையை இறக்கினேன். மேலே வந்தபோது கோதுமைக்கு அடியில் ஒரு காகிதம் மடித்து இருந்தது. உள்ளே தம்பிக்கு நாலு வரி, மேலே அம்பர்நாத் விலாசம். மாமியின் தம்பி அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஏழு வருஷமாக அவன் வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், இப்போது வேண்டாம், அவளுக்குப் பழைய ஞாபகம் வரும், பார்க்கலாம் என்று பதில் எழுதிக்கொண்டிருந்தவர் சார்தான். தபால்பெட்டி வரை நடந்து போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை போட்டுவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த வாரம், பன்னிரண்டு இருபதுக்குச் சரியாக, சார் கதவைத் திறக்கிற நேரத்தில் மாமியின் தம்பி வாசலில் நின்றான். கையெல்லாம் எண்ணெய்க்கறை படிந்த திடமான பையன். அக்காவைப் பார்த்ததும் அழுதுவிட்டான். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். யாரும் கதவைச் சாத்தவில்லை.

"அத்திம்பேர், அக்காவை நான் அழைச்சுண்டு போறேன். நாலு நாளோ நாலு மாசமோ, அவ இஷ்டம்."

"போகட்டும். நான் வேண்டாம்னு சொல்லலையே. இன்னும் ஆறு மாசம் பார்த்துட்டு…"

"எதைப் பாக்கப் போறேள்? சொல்லுங்கோ! நன்னாயிட்டாங்கறதுக்கு உங்களுக்கு என்ன அடையாளம் வேணும்?"

சார் வாயைத் திறந்தார். உண்மையிலேயே யோசித்தார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று அவர் தவித்தது எனக்குத் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது.

மாமி நாலு புடவையை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தாள். "ரசம் அடுப்புல இருக்கு," என்றாள் அவரிடம். "நீங்க பாத்துண்டே இருங்கோ. நான் போறேன்."

ஏழு வருஷம் பூட்டியிருந்த கதவு. அவர் ஒரு எட்டு எடுத்து வைத்தால் மறித்திருக்கலாம். மறிக்கவில்லை. மூலையிலிருந்த குடையை எடுத்து வந்து நீட்டினார். "கறுத்துண்டு வரது. எடுத்துண்டு போ," என்றார். அவள் வாங்கிக்கொண்டாள்.

கட்டடம் என்னைச் சும்மா விடவில்லை. கடிதம் யார் போட்டது என்று அவர்களுக்கு ஊகம் இருந்தது. குடும்பத்தைப் பிரித்தவள் என்று என் காதுபடவே சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், எல்லாம் தெரிந்த பிறகு, ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு, "சரிதான், போ" என்றார். சார் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கல்லிக்குள் குந்தியிருக்கும்போது நான் எட்டிப் பார்த்தால், எப்போதும்போலத் தலையாட்டுவார்.

அவர் காலை எட்டே முக்காலுக்குப் பூட்டினார். பன்னிரண்டு இருபதுக்கு வந்து திறந்தார். ஒன்றேகாலுக்குப் பூட்டினார். ஆளில்லாத வீட்டை எல்லோரும் பூட்டத்தானே செய்கிறார்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அச்சகத்துப் பக்கத்திலேயே நல்ல சாப்பாட்டு மெஸ் இருந்தது. அங்கே சாப்பிடலாமே சார் என்று கேட்டேன். மலைப்பக்கம் பழைய உத்தியோகம் கேட்டுப் பாருங்களேன் என்று என் வீட்டுக்காரரும் சொன்னார். இனி அவரைக் கட்டிவைக்க அங்கே எதுவும் இல்லை. அவர் எங்கும் போகவில்லை. மத்தியான வெயிலில் ஓட்டமும் நடையுமாக வருவார். கதவைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பூட்டிக்கொண்டு போவார். அடுத்த ஆவணியில் பெரணி மறுபடி பொட்டு வைத்தது. மொச்சைக்கொட்டையேதான். இப்ப நிச்சயமா சார் என்று நான் கேட்டேன். அவர் தலையைத் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா, என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தத் தீபாவளிக்கு முன்னால் மாமியைப் பார்க்க அம்பர்நாத் போகலாம் என்று கிளம்பினேன். சாரிடம் சொல்லிக்கொண்டேன். "நீங்களும் வாங்க சார். லோக்கல்ல ஒரு மணி நேரந்தான்."

அவர் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். கூடவே டிக்கெட்டும் வாங்கியிருந்தார். வண்டி வந்ததும் நான் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவர் ஆண்கள் பெட்டிக்குப் போகவில்லை. பிளாட்பாரத்திலேயே நின்று, கம்பிகளுக்கு நடுவில் பொட்டலத்தை நீட்டினார்.

"செருப்பு," என்றார். "அவகிட்ட செருப்பே இல்லை. வெறுங்காலோடதான் போனா. அன்னிக்கு நான் கவனிக்கலை."

"அளவு சரியா இருக்குமா சார்? அவங்க காலை அளந்து…"

"அளக்க வேண்டாம். அவ கால் அளவு எனக்குத் தெரியும்," என்றார். "நிச்சயமாத் தெரியும்."

அந்தச் சொல்லை அவர் கேள்வியாக இல்லாமல் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வண்டி நகர்ந்தது. டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அம்பர்நாத்தில் தொழிலாளர் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. மாமி நாலைந்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கறுத்திருந்தாள். சற்றுத் தடித்திருந்தாள். பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தாள். பழுப்புத் தோல் செருப்பு, கட்டைவிரலுக்கு வளையம் வைத்தது. நல்ல ஜோடி. எழுந்து நின்று காலை நுழைத்தாள். வளையத்துக்குள் விரல் போகவில்லை. அழுத்தித் திணித்தபோது குதிகால் பின்னால் ஒரு விரல்கடை வெளியே நின்றது. கொடுத்தவருக்குத் தெரிந்தது கல்யாணமான புதிதில் இருந்த கால். ஏழு வருஷம் வெறும் சிமெண்டுத் தரையில் நடந்தால் பாதம் பரந்துபோகும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மாமி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கழற்றி, தூசியைத் தட்டி, அதே செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "சாப்பிட்டியா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் திரும்பியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அவர் கட்டடத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சரியா இருந்ததா?"

"சரியா இருந்துச்சு சார்," என்றேன்.

எதைச் சொன்னாலும் நிச்சயமா என்று திருப்பிக் கேட்கிற மனிதர். அதை எதிர்பார்த்து நான் முகத்தைத் திடப்படுத்திக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, சாவியை எடுத்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.